கைமாற்று

எலிசோவோ விமான நிலையம். இரண்டாம் எண் கவுன்ட்டர்.
பத்தொன்பது குளிர்காலமாக
இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நான்தான்.
வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்வி:
மாஸ்கோ எவ்வளவு தூரம்?
எத்தனை மணி நேரம்?

ஆறாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், கொஞ்சம் குறையும்.
ஒன்பது மணி நேரம், காற்று மனது வைத்தால் அதுவும் குறையும்.
பகல் பன்னிரண்டுக்குக் கிளம்பினால்
பகல் பன்னிரண்டுக்கே இறங்கலாம்.

புதிய மாலுமிகள் சிரிப்பார்கள்.
நண்டுப் பெட்டியோடு வருகிறவர்கள் சிரிப்பதில்லை.
பனிக்கட்டி
கடிகாரம் பார்த்து உருகுவதில்லையே.

கோடையில் ஏறினால் வழி நெடுக நண்பகல்தான்.
கீழே அகோத்ஸ்க் கடல் போகும், லேனா ஆறு போகும்,
பெயரில்லாத வெண்மை போகும்.
சூரியன் மட்டும் இறக்கை நுனியில்
ஆணி அடித்தாற்போல் நிற்கும்.
வரைபடத்தில் வில்லாய் வளையும் கோடு
உருண்டையின் மேல் நூல் பிடித்த நேர்.

மே மாதம்
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அர்க்காதி வந்தான்.
டிக்கெட் வேண்டாமாம், கணக்கு மட்டும் வேண்டுமாம்.
"தாய்ஸியா பன்னிரண்டுக்குக் கிளம்பினாள்.
பன்னிரண்டுக்கு அங்கே இறங்கினாள்.
அப்படியானால் என்னை விட்டுப் போக
அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
சரிதானே, நினேல்?"

அவன் பின்னால் வரிசை நீண்டிருந்தது.
யாரோ செருமினார்கள்.
அது மிச்சம் இல்லை, அர்க்காதி, கைமாற்று என்றேன்.
போகையில் வானம் ஒன்பது மணி நேரம் தரும்.
திரும்புகையில் கேட்டு வாங்கிக்கொள்ளும்.
அங்கே மாலை ஐந்துக்கு ஏறு,
தேநீர் ஆறுவதற்குள் இருட்டும்,
கண்ணை மூடுவதற்குள் விடியும்,
மறுநாள் பதினொன்றுக்கு இங்கே இறக்கிவிடும்.
வட்டி கிடையாது.
தள்ளுபடியும் கிடையாது.

"திரும்பி வராவிட்டால்?"

அடுத்தவர் பாஸ்போர்ட்டை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
நான் விற்ற ஒருவழிச் சீட்டுகளை நினைவிலிருந்து எண்ணினேன்.
பல் மருத்துவர், இயற்பியல் வாத்தியார்,
எதிர்வீட்டு இரட்டையர், அவர்களுடைய பியானோ தனியாகச் சரக்கில்,
என் தம்பி வதீம்.
ஆளுக்கு ஒன்பது மணி நேரம்.
அதைப் பையில் போட்டுக்கொண்டு
அந்த ஊரில் சுரங்க ரயில் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள்.

அங்கே பகல் மூன்று அடித்தால்
வானொலியில் சொல்கிற வழக்கம் உண்டு:
பெத்ரோபாவ்லவ்ஸ்க் கம்சாத்ஸ்கியில் நள்ளிரவு.
அதைக் கேட்டு எங்களை நினைப்பார்களோ,
கைக்கடிகாரத்தைத் திருகிவிட்டு
வேலையைப் பார்ப்பார்களோ.

அக்டோபரில் அர்க்காதி மறுபடி வந்தான்.
மாஸ்கோவிலிருந்து இங்கே ஒரு இருக்கை.
தாய்ஸியா பெயரில். ரொக்கம்.
அவளுக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை.
கேட்பது என் வேலை இல்லை.

விமானம் வந்த அன்று வால்காற்று.
நாற்பது நிமிடம் முன்னாலேயே தரை தொட்டது.
பட்டியலைப் பார்த்தேன்: 21C, ஏறவில்லை.
அர்க்காதி சவரம் செய்து, சரியான நேரத்துக்கு வந்தான்,
எல்லோரும் போய்விட்ட கூடத்துக்கு.

கோபப்படுவான் என்று நினைத்தேன்.
குனிந்து கண்ணாடித் துளை வழியே கேட்டான்:
"இருக்கை வந்ததா?"
வந்தது.
"இரவு முழுக்கப் பறந்து?"
ஆமாம்.
"அப்படியென்றால் ஒன்பது மணி நேரமும் கட்டியாயிற்று.
அவள் பேரில் பாக்கி இல்லை என்று
எழுதிக் கொடு."

அப்படி ஒரு படிவம் எங்களிடம் இல்லை.
பழைய சரக்குச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன்,
தேதி முத்திரை குத்தினேன், எங்கள் தேதி.
நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
எரிமலைப் பக்கம் போகும் பேருந்தில் ஏறினான்.

கவுன்ட்டர் மூடும் முன்
வதீம் பெயரில் ஒரு இருக்கை எவ்வளவு என்று
தட்டிப் பார்த்தேன்.
விலை வந்தது. திரையை அணைத்தேன்.
இங்கே மாலை ஐந்து.
அங்கே எட்டு மணி,
இப்போதுதான் எழுந்திருப்பான்.